விரல் பட்ட காசு

(இராயபுரத்தில் நாணயம் சேர்ப்போர் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



இராயபுரத்தில் நின்று காசைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இங்கிருந்து புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனால் தங்கசாலைத் தெரு. 1869இல் மூடும் வரை சென்னை மாகாணத்து நாணயச் சாலை அங்கேதான் இருந்தது. சாலை போய்விட்டது, பேர் நிற்கிறது. வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் தாண்டிப் போனால் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் செப்புக் காசு அடித்தார்கள். நாம் வாய்க்கு வாய் "துட்டு, துட்டு" என்கிறோமே, அந்தச் சொல்லே டச்சுக்காரரின் "டொய்ட்" என்ற காசிலிருந்து வந்ததென்று சொல்வார்கள். தெற்கே ஒரு நாணயச் சாலை, வடக்கே ஒரு நாணயச் சாலை, நடுவே நாம். காசைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எது?

ஆனால் இன்று நான் பேச வந்தது மன்னர்களைப் பற்றி அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைப் பற்றி அல்ல. உங்கள் கட்டைவிரலைப் பற்றி. சேர்த்து வைத்த காசின் மேல் விரல் ரேகை பட்டுவிட்டால் அதை எப்படி எடுப்பது, காசுக்குக் காயம் வராமல் எப்படி எடுப்பது என்பதுதான் இன்றைய பொருள். ஒரு ரேகைக்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்பீர்கள். ஆம், ஒரு ரேகைக்கு ஒரு சொற்பொழிவு தேவை. காசை நேசிப்பவர்கள் கையாலேயே ஆயிரக்கணக்கான காசுகள் கெட்டுக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 18ஆம் நாள் கலைவாணர் அரங்கில் கலைஞர் கருணாநிதி நூற்றாண்டு நினைவாக நூறு ரூபாய் நாணயம் வெளியிட்டார்கள். நினைவிருக்கிறதா? 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை. பாதி வெள்ளி, நூறில் 40 பங்கு செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆசையோடு ஒன்று வாங்கினார். வாங்கியவர் உறையோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வெளியே எடுத்தார். மனைவி கையில் கொடுத்தார், மகன் கையில் கொடுத்தார், பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் மகிழ்ந்தார்கள். காசு மறுபடி உறைக்குள் போனது, பீரோவுக்குள் போனது.

சில மாதம் கழித்து என்னிடம் கொண்டு வந்தார். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போல இருந்த வெற்றுப் பரப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை. பழுப்பு நிறம். கோடு கோடாக, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு, நடுவில் சுழித்து, அப்படியே ஒரு சங்கு. சின்ன வயதில் நாமெல்லாம் விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எனக்குச் சங்கு, உனக்குச் சக்கரம் என்று எண்ணியிருக்கிறோம் அல்லவா? அந்தச் சங்கு காசில் பதிந்துவிட்டது. "துடைச்சா போயிடுமா அண்ணே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த உரை முழுவதும்.

துடைத்தால் போகுமா? முதலில், ரேகை என்பது என்ன? நம் விரல் நுனியில் வியர்வைத் துளைகள் இருக்கின்றன. வியர்வையில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் காய்ந்து போகும். காயாமல் நிற்பது உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம். முகத்தையும் தலையையும் தொட்ட விரலில் எண்ணெய்ப் பசையும் சேர்ந்துகொள்ளும். ஆக, காசில் நாம் வைப்பது எண்ணெய், உப்பு, கொஞ்சம் அமிலம். இந்த மூன்றும் முதலில் காசின் மேலே உட்கார்ந்திருக்கின்றன. மேலே உட்கார்ந்திருக்கும் வரை எடுக்கலாம். உள்ளே இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. இதை மனத்தில் நிறுத்துங்கள். மேலே இருப்பது அழுக்கு. உள்ளே இறங்கியது காயம்.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயர் காவல்துறையில் இருந்த ஜான் பாண்ட் என்ற அறிவியலாளர் 2008இல் ஒரு முறையைச் சொன்னார். துப்பாக்கிக் குண்டின் பித்தளை உறையில் குற்றவாளியின் ரேகை படுகிறது. சுடும்போது வெப்பம். பிறகு ஒருவன் அதைத் துடைத்தும்விடுகிறான். ரேகை போய்விட்டதா? போகவில்லை என்றார் பாண்ட். வியர்வையின் உப்பு பித்தளையைக் கோடு கோடாக அரித்திருக்கிறது. உறைக்கு மின்னேற்றி நுண்பொடியைத் தூவினால் அரித்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டுகிறது, ரேகை எழுந்து நிற்கிறது. காவல்துறைக்கு அது வரம். நம்மைப் போன்றவர்களுக்கு அது எச்சரிக்கை. துடைத்த பிறகும் இருக்கிறது என்றால், அங்கே துடைப்பதற்கு ஒன்றும் இல்லை, உலோகமே மாறிவிட்டது என்று பொருள்.

உப்பு செம்பை என்ன செய்யும் என்று நம் ஊர் அருங்காட்சியகம் எப்போதோ பாடம் கற்றுவிட்டது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் இரசாயன ஆய்வகம் ஒன்று தொடங்கினார்கள். ஏன் தொடங்கினார்கள்? மண்ணுக்குள்ளிருந்து எடுத்த செப்புத் திருமேனிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடியே வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தன. சோழர் கால வார்ப்பு, நூற்றாண்டு நூற்றாண்டாக மண்ணில் தாங்கியது, பெட்டிக்குள் தாங்கவில்லை. வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். உப்பிலிருக்கும் குளோரைடு செம்போடு சேர்கிறது. காற்றின் ஈரம் பட்டதும் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் மறுபடி செம்பைத் தின்கிறது. தின்றதிலிருந்து மறுபடி அமிலம். கொஞ்சம் உப்பு போதும், அது தன் வேலையைத் தானே தொடரும். எஸ். பரமசிவன் என்ற தமிழ் இரசாயனர் அந்த ஆய்வகத்தில் அமர்ந்து, மின்வேதி முறையால் திருமேனிகளுக்கு மருத்துவம் பார்த்தார். சிலைக்கு வந்த நோயும் காசுக்கு வரும் நோயும் ஒன்றே. சிலைக்கு மண்ணிலிருந்து வந்தது. காசுக்கு நம் விரலிலிருந்து வருகிறது.

இன்னொரு கதை. இது நம் கடற்கரைக்கு வந்து சேராத ஒரு கப்பலின் கதை. "அட்மிரல் கார்டனர்" என்று ஒரு கம்பெனிக் கப்பல். சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காம் சோகோ ஆலையில் அடித்த செப்புக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பத்துக் காசு, இருபது காசு. ஆங்கிலத்தில் "காஷ்" என்று பொறித்திருக்கும், அது நம் காசுதான். ஆண்டு 1808 என்று இருக்கும். 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு முழுசாக விலகுவதற்குள், குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. அந்தக் காலத்தில் இங்கே துறைமுகம் ஏது? கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கைக் கரை சேர்க்கும். அந்தப் படகுகளுக்கு வரவேண்டிய காசு 170 ஆண்டுக்கு மேல் கடலடியில் கிடந்தது. 1980களில் முக்குளித்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். உலகச் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. இரண்டை வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். கடல்நீர் தொட்டது சொரசொரவென்று, அம்மை போட்ட முகம்போல் இருக்கும். பீப்பாய் நடுவில் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்து தண்ணீர் தொடாமல் தப்பியதில் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே கப்பல். உப்பு தொட்டது ஒன்று, தொடாதது ஒன்று.

உங்கள் விரலில் இருப்பது அந்தக் கடலின் ஒரு துளி. அதுவும் நாம் எங்கே வாழ்கிறோம்? காசிமேட்டில் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். உப்புக் காற்று. மணலியில் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் பல பத்தாண்டு எரிந்த நிலக்கரி. வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம், அந்தக் கந்தகத்துக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. ரப்பரில் கந்தகம் உண்டு, டயர் செய்யும் ஊர் நம் ஊர், நமக்குத் தெரியாதா? அப்படியிருந்தும் வெள்ளிக் காசைக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறோம். தீப்பெட்டி ஆலையின் பேரால் விம்கோ நகர் என்று ஊருக்கே பேர் வைத்திருக்கிறோம், தீக்குச்சி மருந்தில் கந்தகம் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் பிள்ளைகள் காசைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைக்கிறார்கள். பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தீப்பெட்டியிலிருந்து எடுங்கள். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் ஒரு வருஷம் பொறுக்கும் ரேகை, இங்கே அத்தனை நாள் பொறுக்காது. வடசென்னைக்காரன் காசு சேர்த்தால் மற்றவனைவிட வேகமாகக் கவனிக்க வேண்டும்.

சரி, ரேகை பட்டுவிட்டது. என்ன செய்வது? செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் ஆயா சுருக்குப் பையில் ஒரு வெள்ளி ரூபாய் வைத்திருந்தார். 1917, ஐந்தாம் ஜார்ஜ். நூறில் ஏறக்குறைய 92 பங்கு வெள்ளி. எனக்குப் பதினான்கு வயதில் அதைக் கொடுத்தார். புகை படிந்த சாம்பல் நிறம், ஓரங்களில் நீலமும் மஞ்சளும். அந்த நிறத்தின் அருமை எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு விரல் தடம், அதுதான் கண்ணில் பட்டது. பல்பொடி எடுத்தேன், பழைய வேட்டித் துணி எடுத்தேன், தேய்த்தேன். அரை மணி நேரம் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பெருமை தாங்கவில்லை. மூர் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்து போனது. அதற்கு முன்னால் பழைய காசு என்றால் எங்களுக்கு அதுதான் இடம். ஒரு பெரியவர் காசை வாங்கினார். விளிம்பைப் பிடித்தார். விளக்குக்கு நேரே ஒரு சாய்ப்புச் சாய்த்தார். மறு சாய்ப்பு இல்லை. "தேச்சுட்டியே தம்பி. இனிமே இது காசு இல்ல, வெள்ளி" என்றார். எடைக்கு என்ன விலையோ அதுதான் என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் ஒரே சாய்ப்பில் எதைப் பார்த்தார்? நாணயம் அடிக்கும்போது இரண்டு அச்சுக்கு நடுவே உலோகம் நசுங்கி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாக நிற்கும். காசைச் சாய்த்தால் அந்த வரிகளில் ஒளி பட்டு வண்டிச் சக்கரத்து ஆரம்போல் சுழலும். சேர்ப்பவர்கள் "லஸ்டர்" என்பார்கள். அந்த வரிகளை ஒருமுறை தேய்த்தால் போயிற்று. தேய்த்த பிறகும் மின்னும். ஆனால் சுழலாது. தட்டையாக மின்னும், தகரம்போல் மின்னும். அச்சு கொடுத்த ஒளியை எந்தப் பொடியும் திருப்பித் தராது.

ஆகையால் தேய்க்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்காதீர்கள். திருநீறும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம், விளக்குத் துலக்கும் பொடியும் வேண்டாம். தாய்மார்களே, கார்த்திகைக்கு முதல்நாள் நீங்கள் புளி போட்டுத் துலக்கும் பித்தளை விளக்கு அழகுதான். ஆனால் விளக்கைத் துலக்குவதற்காகவே செய்தார்கள், வருஷா வருஷம் ஒரு படலம் போனாலும் அது விளக்காகவே இருக்கும். காசின் உயிரே மேற்படலத்தில் இருக்கிறது. நகைக்கடையில் வெள்ளியை முக்கி எடுக்கும் திரவமும் இதே இனம்தான். கறுப்பை எடுப்பதுபோல் வெள்ளியிலும் ஒரு சுரண்டல் எடுத்துவிடும். மென்மையான துணிதானே, கண்ணாடி துடைக்கும் துணிதானே என்றும் எண்ணாதீர்கள். துணி மென்மைதான். காசின் மேல் உட்கார்ந்த தூசு மென்மை அல்ல, அது மணல். துணி அந்த மணலைக் காசின் மேல் இழுக்கும்.

தேய்க்காமல் எப்படி எடுப்பது? கரைத்து எடுப்பது. இதுதான் வழி.

எண்ணெய்ப் பசையைக் கரைப்பது அசிட்டோன். உப்பைக் கரைப்பது தண்ணீர். பாரிமுனைப் பக்கம் இரசாயனக் கடைகளில் கலப்பில்லாத அசிட்டோன் கேட்டு வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்க விற்கும் பாட்டில் வேண்டாம், அதில் வாசனையும் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும், ஒரு கறை எடுக்கப் போய் இன்னொரு கறை வரும். தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் அல்ல. நம் பகுதிக் குழாய்த் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும். காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். கிண்ணம் கண்ணாடியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் பலவற்றை அசிட்டோன் கரைத்துவிடும். மூன்று சிறு கண்ணாடிக் கிண்ணம். முதலாவதில் அசிட்டோன் ஊற்றிக் காசை மெல்லச் சாய்த்து இறக்குங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இடையில் கிண்ணத்தை லேசாக ஆட்டலாம், காசைத் தொடக்கூடாது. பிறகு விளிம்பைப் பிடித்து எடுத்து இரண்டாவதில், அது டிஸ்டில்டு வாட்டர், ஒரு நிமிடம் அலசுங்கள். மூன்றாவதில் புது அசிட்டோன். ஈரத்தை அது இழுத்துக்கொண்டு போய்விடும், பழைய பசை மறுபடி படியாமலும் காக்கும். எடுத்து நிறுத்தி வைத்தால் கண் எதிரே காய்ந்துவிடும். துடைக்க வேண்டியதே இல்லை. எங்கும் துடைக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு, இதைச் சொல்லாமல் போனால் நான் பாவம் செய்தவனாவேன். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பற்றும். சமையலறையில் செய்யாதீர்கள். பூஜை விளக்கு எரியும் அறையில் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறிக் காற்றில், பெரியவர் ஒருவர் கூட இருக்கச் செய்யுங்கள். பிள்ளைகள் தனியாகச் செய்யவே கூடாது. வண்ணம் பூசிய நினைவுக் காசு, அரக்குப் பூச்சுக் காசு, இவற்றை அசிட்டோனில் இறக்காதீர்கள், பூச்சு போய்விடும்.

இதனால் எல்லா ரேகையும் போகுமா? போகாது. பட்டு ஒரு வாரம், ஒரு மாதம் என்றால் பெரும்பாலும் போகும். நிறம் மாறிப் பழுப்பாகிவிட்டது என்றால் அது அழுக்கு அல்ல, காயம். அசிட்டோன் அதைத் தொடாது. நல்லதுதான், அசிட்டோன் உலோகத்தைத் தொடாது என்பதாலேயே அதை நம்புகிறோம். அந்த நிலையில் காசை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு ரேகையோடு இருக்கும் காசைச் சேர்ப்பவர்கள் வாங்குவார்கள். தேய்த்த காசை வாங்கமாட்டார்கள். அமெரிக்காவில் காசுக்கு எழுபது வரை மதிப்பெண் போட்டு முத்திரையிடும் நிறுவனங்கள், கடுமையாகத் தேய்த்த காசுக்கு மதிப்பெண்ணே கொடுக்காமல் குறையை எழுதி அனுப்பிவிடுகின்றன. திருவொற்றியூர் நண்பரின் நூறு ரூபாய்க்கு என்ன ஆனது? மூன்று கிண்ணமும் வைத்துப் பார்த்தோம். ரேகையைச் சுற்றியிருந்த மங்கல் போயிற்று. சங்கு போகவில்லை. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறையச் செம்பு, அது உள்ளே இறங்கிவிட்டது. மேற்கொண்டு ஏதும் செய்யவேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அப்படியானால் பழங்காசைத் துலக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். சங்க காலக் காசுகளை ஆராய்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பெருவழுதி என்ற பாண்டியன் பெயரைச் செப்புக் காசில் படித்துக் காட்டினார். அழுக்கு மூடிய காசுகளில் அத்தகைய எழுத்து தெரியவேண்டுமானால், அறிந்த கை துலக்கத்தான் வேண்டும். அது அறுவை மருத்துவம். நாம் செய்வது கை கழுவுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மண்ணில் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் அந்த மண்ணைக்கூடத் தட்டாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். அந்த மண்ணும் சாட்சிதான்.

மற்றபடி, ரேகை படாமல் பார்த்துக்கொள்வது எளிது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். காசை விளிம்பில் இரண்டு விரலால் பிடியுங்கள். கீழே மடித்த துண்டு விரித்துக்கொள்ளுங்கள், கை நழுவி விழுந்த அடி ரேகையைவிடக் கொடியது. காசுக்கு நேரே பேசாதீர்கள், எச்சில் துளியும் ரேகை மாதிரியே அரிக்கும். புதுப் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் பிவிசி உறை வேண்டாம், நாளாவட்டத்தில் அது பச்சைப் பிசின் கசியும். மைலார் உறை வாங்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

என் ஆயாவின் ரூபாயைக் கொண்டு வந்திருக்கிறேன். மேடைக்குக் கீழே மேசை மேல், தேய்க்காத இன்னொரு 1917 ரூபாயோடு, அருகருகே இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் முதலில் வாருங்கள். அந்த ஓரத்தில் குழாயும் சோப்பும் துண்டும் இருக்கின்றன. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். இரண்டையும் எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். விளிம்பைப் பிடியுங்கள்.